ஆறு கிலோமீட்டர் தள்ளி

ஆஹனில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. ஜெர்மனி முழுக்க அப்படித்தான். சனிக்கிழமை ராத்திரி தக்காளி தீர்ந்துபோனால் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேருந்து ஏறி ஃபால்ஸ் போக வேண்டும். ஃபால்ஸ் நெதர்லாந்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்கூட முழுதாக வராது. எல்லையில் சாவடி கிடையாது, 2024 செப்டம்பரில் ஜெர்மனி சோதனையைத் தொடங்கும் வரை யாரும் வண்டியை நிறுத்தியதும் இல்லை. தெருவில் நிற்கிற கார்களின் எண் பலகை வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறும்போதுதான் வேறு நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று தெரியும்.

2022 மே மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மேல்வீட்டு அக்காவும் காய்கறிப் பையோடு அந்தப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அக்கா கேட்டார்: “நீ ஏ ஒன் எத்தன தடவ எழுதுன?” நான் எழுதவே இல்லை என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் நாங்கள் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அது என்னை இன்னும் விடவில்லை. எந்தத் தப்பும் செய்யாமல், சட்டப்படி கிடைத்த ஒன்றுக்காக இன்னொருத்தர் முகத்தைப் பார்க்கக் கூச வேண்டியிருக்குமா என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தது, இதை எழுதும்போதும் முடிந்தபாடில்லை.

ஏ ஒன் என்பது ஜெர்மன் மொழியின் முதல் படித் தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஜெர்மன் குடியுரிமை உள்ளவரின் மனைவியோ கணவரோ இந்தியாவிலிருந்து வந்து இங்கே சேர்ந்து வாழ வேண்டுமென்றால், விசாவுக்கு முன்பே அதில் தேறியிருக்க வேண்டும். 2007 ஆகஸ்டிலிருந்து இந்த விதி இருக்கிறது. அக்காவின் கணவர் ஜெர்மன் குடிமகன். என் கணவர் பிரெஞ்சுக் குடிமகன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி, அடித்தளத்தில் ஒரே துணி துவைக்கும் இயந்திரம்.

தாத்தா போட்ட கையெழுத்து

என் கணவர் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அதனால் அவர்கள் தெருவில் இன்னமும் சொல்தா வீடு என்றால்தான் தெரியும். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். ஓய்வூதியத்தை நினைத்துத்தான் செய்தார் என்று மாமியார் சொல்வார். அந்தக் கையெழுத்தின் பலன் ஐம்பத்தேழு வருடம் கழித்து, திண்டிவனத்தில் பிறந்த எனக்கு ஆஹனில் வந்து சேரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

2018 தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். அதற்கு முன்பே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பெயரைக் கொடுத்து, கல்யாண அறிவிப்பு ஒட்டி, தடையில்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எங்கே சந்தித்தோம், யார் பார்த்து வைத்தது என்றெல்லாம் கேட்டார்கள். கல்யாணம் முடிந்து இந்தியப் பதிவு வாங்கியதும், அதைக் கொடுத்து பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றினோம். வெளிநாட்டில் நடக்கிற பிரெஞ்சுக்காரர்களின் கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றுக்கும் பிரான்ஸில் நாந்த் என்ற நகரத்தில் ஒரு மைய அலுவலகம் இருக்கிறது. நாங்கள் இருவருமே பார்த்திராத அந்த ஊரில் எங்கள் கல்யாணம் ஒரு பக்கமாக இருக்கிறது. அப்போது இதெல்லாம் வேலைமெனக்கெட்ட வேலையாகத் தோன்றியது. பிறகுதான் அதன் மதிப்பு தெரிந்தது.

2019 மார்ச்சில் அவருக்கு ஆஹனில் வேலை கிடைத்தது. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார், வீட்டு முகவரியை நகராட்சியில் பதிந்தார். அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இங்கே தங்க அனுமதி தேவையில்லை; 2013க்கு முன்னால் கொடுத்துவந்த ஒரு சான்றுத் தாளைக்கூட நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல், எல்லோரும் சொன்னபடி சென்னையில் ஒரு ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் அவர் போன் செய்து, “வகுப்ப விடு, உனக்குத் தேர்வே கிடையாது” என்றார்.

அவர் படித்தது 2004/38 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஆணை. ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் போய் வாழ்ந்தால், அவரோடு மனைவியோ கணவரோ வரலாம். விசா இலவசம், அதை விரைவாகத் தர வேண்டும். வந்த பிறகு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததற்கான சான்று உடனே, அட்டை ஆறு மாதத்துக்குள். அது ஐந்து வருடம் செல்லும். வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டாம். மொழித் தேர்வு பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. முக்கியமான விஷயம், அந்த ஆணை நகர்ந்து போகிறவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் பிரான்ஸுக்கே போயிருந்தால் அது எங்களுக்குப் பொருந்தாது. பிரான்ஸின் சொந்தச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். என் கணவர் தன் நாட்டில் இருப்பதைவிட அடுத்த நாட்டில் இருக்கும்போது அவர் மனைவிக்கு வழி சுலபம். இதைச் சொன்னபோது என் அப்பா நம்பவில்லை, இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

விண்ணப்பம் வாங்கிய இடத்தில் இருந்தவரும் நம்பவில்லை. ஏ ஒன் சான்றிதழ் இல்லாமல் எடுக்க முடியாது, கட்டணமும் கட்ட வேண்டும் என்று கோப்பைத் திருப்பித் தள்ளினார். நான் ஆணையின் ஐந்தாம் பிரிவை அச்செடுத்து வைத்திருந்தேன். கை நடுங்கியது. பெரியவர் யாரையாவது கேளுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அச்சுத்தாள் கையில் இல்லையென்றால் நான் பணத்தையும் கட்டி, திரும்பிப் போய் வகுப்பிலும் உட்கார்ந்திருப்பேன். எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். மூன்று வாரத்தில் விசா வந்தது.

ஆஹன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இன்னும் எளிது. பாஸ்போர்ட், கணவரின் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, முகவரிப் பதிவு, கல்யாணச் சான்று. அந்த அம்மா நாந்த்திலிருந்து வந்த பன்மொழிச் சான்றை ஒரு பார்வை பார்த்து நகல் எடுத்துக்கொண்டார். ஒன்றிய நாடுகளுக்குள் இப்படிப்பட்ட தாள்களுக்கு மேலொப்பம் கேட்கக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்தியச் சான்றிதழும் பையில் இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. கட்டணம் 28.80 யூரோ. அப்போது ஜெர்மன்காரர்கள் தங்கள் அடையாள அட்டைக்குக் கட்டியதும் அதே தொகைதான், அதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று ஆணையிலேயே இருக்கிறது.

அக்காவின் பதினான்கு மாதம்

அக்கா பாபநாசம் பக்கத்து ஊர். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர். அவர் கணவர் 2010இல் மேற்படிப்புக்காக ஆஹன் வந்து, வேலை கிடைத்துத் தங்கி, 2018இல் ஜெர்மன் குடியுரிமை வாங்கினார். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டார். அந்த வருடம் கார்த்திகையில் கல்யாணம். மூன்று வாரம் கழித்து அவர் விமானம் ஏறினார்.

அக்கா குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கி வகுப்புக்குப் போனார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பொறியியல் படித்த பிள்ளைகள், ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனைப் பிடித்துக்கொண்டவர்கள். அக்காவுக்கு அந்த வழியே இல்லை. ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவதைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் தமிழில் எழுதித் தருவாராம். முதல் தடவை 51 மதிப்பெண். இரண்டாவது தடவை 57. இரண்டு தடவையும் கேட்கும் பகுதியில்தான் போனது. ரயில் நிலைய அறிவிப்பு ஒன்றைப் போட்டு எந்த நடைமேடை என்று கேட்பார்கள். “எனக்கு நம்ம ஊரு ஸ்டேஷன்லயே அந்த மைக்கு சத்தம் புரியாது” என்று அக்கா சொல்வார். மூன்றாவது தடவை 68.

நடுவில் சான்றிதழ் சரிபார்ப்பு வேறு. ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது, அதனால் நம் ஊர் அப்போஸ்டில் முத்திரை இங்கே செல்லாது. சந்தேகம் வந்தால் ஆள் அனுப்பி ஊரில் விசாரிப்பார்கள். அக்கா வீட்டுக்கு ஒருவர் வந்தார், எதிர்வீட்டிலும் மளிகைக் கடையிலும் கேட்டார். விசாரணை முடிந்து போன பிறகு ஊரில் ஒரு வாரம் ஒரே பேச்சு. மாப்பிள்ளை விட்டுவிட்டாரா, அதனால்தான் போலீஸ் வந்ததா என்று அக்காவின் அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். தோற்றது பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார். அம்மா கோவிலுக்குப் போவதை நிறுத்தியதைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு வராது.

2020 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

பேருந்தில்

நான் எழுதவே இல்லை என்று சொன்னதும், அக்கா நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு, “ஒங்க வீட்டுக்காரரு பெரிய வேலைல இருக்காரு, அதனாலயா?” என்றார். அப்போது நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது புரிகிற காரணம், ஏற்றுக்கொள்கிற காரணமும்கூட. பணம் உள்ளவனுக்கு ஒரு வழி என்பது நாம் எல்லோரும் பழகிய விஷயம். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

சொன்னேன். அவர் பிரெஞ்சுக்காரர், பிரான்ஸை விட்டு வேறு நாட்டில் இருக்கிறார், அதனால் எனக்கு ஐரோப்பியச் சட்டம். உங்க வீட்டுக்காரர் ஜெர்மன்காரர், ஜெர்மனியிலேயே இருக்கிறார், அதனால் உங்களுக்கு ஜெர்மன் சட்டம். அக்கா கவனமாகக் கேட்டார். “அப்ப அவரு குடியுரிமை வாங்காம இருந்திருந்தா?” என்றார். அதற்கும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, தெரியாமல் இருந்திருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, ப்ளூ கார்டு என்கிற மேற்படிப்பு படித்தவர்களுக்கான வேலை அனுமதியில் இருப்பவர்களின் மனைவிக்கும் அந்தத் தேர்வு கிடையாது. இந்த நாட்டை முழுசாகத் தன் நாடாக எடுத்துக்கொண்டதால்தான் அவர் மனைவி காத்திருந்தார்.

பேருந்து அப்போது எல்லையைத் தாண்டிவிட்டது. மஞ்சள் எண் பலகைகள் வர ஆரம்பித்தன. ஃபால்ஸில் ஜெர்மன்காரர்கள் நிறைய பேர் வீடெடுத்து இருக்கிறார்கள், ஆஹனுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அக்காவுக்கும் அது தெரியும். ஜன்னல் வழியாக வீடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அவரு இந்த ஊர்ல ஒரு வீடு எடுத்து இருந்திருந்தா?”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாக்கா, இங்கேன்னா உங்களுக்கும் தேர்வு இருந்திருக்காது” என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கடையில் தக்காளி பொறுக்கினார், கொத்தமல்லி மலிவு என்று இரண்டு கட்டு எடுத்தார், எனக்கும் ஒன்று எடுத்துப் பையில் போட்டார். திரும்பி வரும்போது எல்லையருகே வெளியே பார்த்து, விரலை மடக்கி ஏதோ எண்ணினார். நிறுத்தங்களை எண்ணியிருக்கிறார் என்று பிறகு சொன்னார்.

ராத்திரியில் படித்தது

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். அக்கா பேருந்தில் கேட்டதை ஐரோப்பாவில் பலர் ஏற்கனவே செய்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்திலும் சொந்தக் குடிமக்களின் துணைவருக்கு 2006 முதல் அங்கே கிளம்பும் முன்பே ஒரு தேர்வு உண்டு, அதனால் டச்சுக்காரர்கள் பெல்ஜியத்துக்குக் குடிபோவார்கள். பெல்ஜியம் வழி என்றே அதற்குப் பெயர். திரும்பிச் சொந்த நாட்டுக்கு வரும்போதும் அந்த உரிமை கூட வரும் என்பதை நிலைநாட்டிய வழக்கு ஒரு இந்தியருடையது. சுரிந்தர் சிங், 1982இல் பிரிட்டிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். இருவரும் 1983 முதல் 1985 வரை வேலை பார்த்த நாடு ஜெர்மனி. பிரிட்டன் திரும்பித் தொழில் தொடங்கினார்கள், கல்யாணம் முறிந்தது, அவரை நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். 1992 ஜூலை 7ஆம் தேதி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் குடிமகனின் துணைக்கு ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2014இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வார இறுதியில் போய் வருவதெல்லாம் கணக்கில் வராது, அங்கே உண்மையாகக் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும் என்று சொன்னது.

ஜெர்மன் நீதிமன்றமும் இதை யோசிக்காமல் இல்லை. 2012இல் இங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம், ஜெர்மன் குடிமகனைச் சொந்த நாட்டை விட்டுப் போய்க் குடும்பம் நடத்து என்று சொல்ல முடியாது, ஆகவே துணைவர் ஒரு வருடம் முயன்றும் தேற முடியாவிட்டால் தேர்வைக் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்றது. ஒரு வருடம். அக்காவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது என்னைப் பார்த்துக் கொடுத்ததில்லை. என் அட்டையில் ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்றுதான் போட்டிருக்கும். அந்த ஐந்து வருடத்துக்குள் அவர் இந்த நாட்டை விட்டுப் போயிருந்தால் என் நிலை ஆட்டம் கண்டிருக்கும். விவாகரத்து என்றால், கல்யாணமாகி மூன்று வருடமும் அதில் ஒரு வருடம் இந்த நாட்டிலும் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பிரிய நினைக்கிற ஒரு மனைவி, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று எண்ண வேண்டியிருக்கும். அக்காவுக்கு வேறு கணக்கு, வேறு மாதங்கள். இரண்டு பேருடைய தாளிலும் கணவரின் தாள்தான் முதலில் வருகிறது.

தேர்வு நல்லதுதானே என்று இங்குள்ள தமிழர்களே சொல்வார்கள். மொழி தெரிந்து வருவது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வந்து இரண்டு வருடம் மருத்துவரிடம் தனியாகப் போகவில்லை, கணவர் விடுப்பு எடுப்பார். அக்கா வந்த மூன்றாவது மாதம் தனியாகப் போனார். மேல்வீட்டில் தண்ணீர் ஒழுகியபோது எனக்காகவும் சேர்த்து வீட்டுக்காரரிடம் பேசியவர் அவர்தான். அந்த ஜெர்மனை இங்கே வந்து, கணவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு கற்றுக்கொள்ள முடியாதா என்பதுதான் என் கேள்வி. ரயில் அறிவிப்பைக் கேட்கக் கற்றுக்கொள்ள ஆஹன் ரயில் நிலையத்தைவிட நல்ல இடம் குரோம்பேட்டையா? மனைவியைப் பிரித்து வைத்துத்தான் மொழி சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை நான் எப்படிச் சுற்றி வந்தாலும் ஏற்க முடியவில்லை.

2024 ஆகஸ்டில் எனக்கு ஐந்து வருடம் முடிந்தது. நிரந்தர அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனபோது அக்காவும் கூட வந்தார். அதற்குள் நான் ஓரளவு பேசுவேன், அக்கா திருத்துவார்.

போன மாசி மாதம் ஒரு நாள் அக்கா கதவைத் தட்டினார். அவருடைய கொழுந்தனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. கொழுந்தனும் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கியவர், ஆஹனில்தான் வேலை. பெண் ஒரத்தநாடு பக்கம், தமிழ்வழியில் படித்தவள். “அந்த ஃபால்ஸ் விஷயம், பேருந்துல சொன்னியே, இன்னும் அப்படியேதான் இருக்கா?” என்றார். இருக்கிறது, ஆனால் பெயருக்கு வீடெடுத்தால் செல்லாது, நிஜமாகவே அங்கே குடியிருக்க வேண்டும், கொழுந்தன் முதலில் அங்கே பதிய வேண்டும் என்றேன். “இருக்கட்டுமே” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு ஜன்னலில் வாடகைக்கு என்று எழுதி எண் போட்டிருந்தது. அக்கா அங்கேயே நின்று போன் செய்தார். ஃபால்ஸில் ஜெர்மன் பேசினால் புரிந்துகொள்வார்கள். எத்தனை அறை, மின்சாரம் தனியா, எப்போது பார்க்கலாம் என்று நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் தப்பாமல் கேட்டார். அந்தப் பக்கம் பேசியவர் வேகமாக ஏதோ சொன்னார், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். “புதன்கிழம வரச் சொல்றாங்க. அடுப்பங்கரைல காலைல வெயில் வருமாம்” என்றார்.